வீட்டு டேகேர் நடத்துபவர் விடுப்பு எடுத்தால் அந்த நாட்களுக்கும் கட்டணம் கொடுக்க வேண்டுமா?

புதுத்தொட்டில் கேட்டது:

14 மாதக் குழந்தைக்கு இரண்டு வீட்டு டேகேர்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஒரே பராமரிப்பாளர்தான், உதவியாள் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள்.

முதலாமவர் (அ என்று வைத்துக்கொள்வோம்) எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார். ஆண்டுக்குத் தன் சொந்த விடுப்பு 10 நாள், பொது விடுமுறை 9 நாள், உடம்பு சரியில்லாமல் போனால் 5 நாள், ஆக 24 நாள் மூடியிருக்கும். எதற்கும் கட்டணத்தில் கழிவு இல்லை. குழந்தை வராத நாளுக்கும் கழிவு கிடையாது.

இரண்டாமவர் (ஆ) "நான் திறக்காத நாளுக்குப் பணம் வேண்டாம்" என்கிறார். ஆனால் அவருடைய நாள் கட்டணம் அ-வை விட 8 சதவீதம் அதிகம். ஒப்பந்தம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

எது மலிவு? 24 நாள் என்பது அதிகமா? அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை:

"விடுப்புக்குக் காசு உண்டா, இல்லையா" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஆண்டு முழுக்க உங்கள் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு, அதற்குக் கதவு திறந்திருக்கும் நாட்கள் எத்தனை என்று பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண்தான் உண்மையான நாள் கட்டணம். மற்றதெல்லாம் பெயர் வைக்கும் வேலை.

அ-வின் நாள் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 260 நாள். (உண்மையில் ஆண்டைப் பொறுத்து 260 முதல் 262 வரை வரும், இந்தக் கணக்குக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.) மொத்தம் 26,000. 24 நாள் மூடினால் திறந்திருப்பது 236 நாள். 26,000-ஐ 236-ஆல் வகுத்தால் 110.17.

ஆ-வின் நாள் கட்டணம் 108. அவரும் அதே 24 நாள் மூடினால் 236 × 108 = 25,488. அதாவது ஆ ஏறக்குறைய ஐந்து நாள் கட்டணம் அளவுக்கு மலிவு. அவர் 10.17 சதவீதம் கூட்டிக் கேட்டிருந்தால் இருவரும் சமம். "திறக்காத நாளுக்குப் பணம் வேண்டாம்" என்பவர் தன் விடுப்புக் காசைத் தினசரி கட்டணத்துக்குள் ஏற்கெனவே வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் ஆ எத்தனை நாள் மூடுவார் என்று எங்கும் எழுதப்படவில்லை. 40 நாள் மூடினால் அவருக்குக் கொடுக்கும் தொகை குறையும், ஆனால் அந்தக் கூடுதல் 16 நாளுக்கு நீங்கள் வேறு ஆள் தேட வேண்டும், அல்லது வேலைக்கு லீவு போட வேண்டும். அவசரத்துக்குக் கிடைக்கும் மாற்று ஆள் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்தில் வரமாட்டார். ஆகவே மலிவு எது என்பதற்கு முன்னால், எண்ணிக்கையை எழுத்தில் தருவாரா என்று ஆ-விடம் கேளுங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. அ மாதக் கட்டணமாகத்தானே வாங்குகிறார்? அந்த மாதத் தொகை எப்படி வந்தது என்று பாருங்கள். வாரக் கட்டணத்தை (நம் கணக்கில் 500) 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்ததா (2,166.67), அல்லது நான்கு வாரம் என்று நான்கால் பெருக்கியதா (2,000)? நான்கால் பெருக்கியது என்றால் ஆண்டுக்கு 48 வாரத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள். நான்கு வாரம், அதாவது 20 நாள், ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. அப்போது ஆண்டு மொத்தம் 24,000; 236-ஆல் வகுத்தால் 101.69. "24 நாளும் கட்டணத்துடன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நடைமுறையில் அது கிட்டத்தட்டக் கட்டணமில்லா விடுப்புதான். இதைப் பார்க்காமல் இரு தரப்பும் சண்டை போடுவது அடிக்கடி நடக்கிறது. பராமரிப்பாளர்களும் தாங்கள் நான்கு வாரக் கட்டணத்தை விட்டுக்கொடுத்ததை உணராமலே இருக்கிறார்கள்.

---

மழலைவாசல்:

கணக்கு மேலே வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் எங்கெங்கே ஓட்டை விழும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், ஏன் இந்த ஏற்பாடு என்பது. நீங்கள் வாங்குவது ஓர் இடத்தை, வருகையை அல்ல. வீட்டு டேகேரில் எத்தனை குழந்தைகள் என்பதற்கு உச்சவரம்பு இருக்கும். உங்கள் குழந்தை வராத நாளில் அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுக்க முடியாது. அவர் ஒரு நாள் மூடினால் எல்லாக் குடும்பங்களின் கட்டணமும் ஒரே நாளில் போகும், ஆனால் வாடகைச் செலவும் காப்பீட்டுச் செலவும் நிற்காது. நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்து வைப்பவருக்கு வாரம் 50 மணி நேரம் ஆகிவிடுகிறது. துடைப்பது, பொருள் வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அதற்கு வெளியே. 10 நாள் சொந்த விடுப்பு என்பது இரண்டு வாரம்தான். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எப்போது எடுப்பார், எப்படிச் சொல்வார் என்பதைக் கேளுங்கள், அதில்தான் உங்களுக்கு லாபம்.

நோய் விடுப்புக்குக் கட்டணம் இல்லை என்றால் என்ன நடக்கும்? காய்ச்சலோடு கதவைத் திறப்பார். மூன்றாம் நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் அதே காய்ச்சல், எல்லாப் பெற்றோரும் லீவு. ஐந்து நாளுக்குப் பணம் கொடுப்பது இதைவிட மலிவு.

இனி வாசகங்கள். அந்த 24 நாளையும் ஒரே பொட்டலமாக விடாதீர்கள், மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோய் விடுப்பு மீந்ததென்று டிசம்பரில் ஐந்து நாள் சேர்த்து மூடுவது நடக்கும். பொது விடுமுறை என்றால் எந்தெந்த நாள் என்று தேதியோடு பட்டியல் வேண்டும். அது சனி ஞாயிறில் விழுந்தால் பதிலுக்கு வெள்ளியோ திங்களோ மூடுவாரா என்பதும் எழுத்தில் வேண்டும். அரை நாள் மூடினால் அரை நாளாகக் கணக்கா, முழு நாளா? மதியம் 12 மணிக்கு முன் அழைத்துப்போகச் சொன்னால் முழு நாள், பிறகென்றால் அரை நாள் என்று ஒரு கோடு போட்டுவிட்டால் வாதம் இல்லை.

முன்னறிவிப்பு: ஒரு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து மூடுவதென்றால் 60 நாள், ஒன்றிரண்டு நாளுக்கு 30 நாள். நல்ல பழக்கம் என்னவென்றால், ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியைக் கொடுத்துவிடுவது. நோய்க்கு முன்னறிவிப்பு சாத்தியமில்லை. ஆனால் காலை இத்தனை மணிக்குள், குழுச் செய்தி மட்டும் போதாது, தொலைபேசியிலும் அழைக்க வேண்டும் என்று போடலாம். காலையில் குழந்தையோடு வாசலில் வந்து நின்ற பிறகு செய்தியைப் பார்ப்பதுதான் வழக்கமான சண்டைக்குக் காரணம்.

ஒப்பந்தத்தில் போட ஒரு மாதிரி:

"பராமரிப்பாளர் ஜனவரி முதல் டிசம்பர் வரை 10 வேலைநாட்கள் கட்டணத்துடன் விடுப்பு எடுக்கலாம். விடுப்பு, இந்தக் குழந்தை சேர்ந்திருந்த மாதங்களின் விகிதத்தில் மட்டும் கட்டணத்துக்கு உரியது. எடுக்காத நாட்கள் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது, பணமாகவும் மாறாது. இந்த எண்ணிக்கைக்கு மேல் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் மாதக் கட்டணத்தை 21.67-ஆல் வகுத்து வரும் தொகை அடுத்த மாதப் பில்லில் கழிக்கப்படும்."

21.67 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 260-ஐ 12-ஆல் வகுத்தது. வகுக்கும் எண்ணை முன்பே எழுதாவிட்டால், "அந்த மாதத்தில் எத்தனை வேலைநாள்" என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். 2,166.67 மாதக் கட்டணத்தில் 20 வேலைநாள் உள்ள பிப்ரவரியில் ஒரு நாள் 108.33, 23 வேலைநாள் உள்ள மாதத்தில் 94.20. ஒரே ஆளுக்கு ஒரே விடுப்புக்கு இரண்டு விலை. (மாதத் தொகை நான்கு வாரக் கணக்கில் வந்ததென்றால் 240-ஐ 12-ஆல் வகுத்து 20 என்று போட வேண்டும். எந்தக் கணக்கில் வந்ததோ அதே கணக்கில் கழிக்க வேண்டும்.)

விகிதம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு 10 ÷ 12 = 0.83 நாள். நீங்கள் செப்டம்பர் 1 சேர்ந்து, அவர் டிசம்பரில் 10 நாளும் மூடினால், நான்கு மாதத்துக்கு 3.33 நாள்தான் உங்கள் பங்கு. மீதி 6.67 நாளுக்குக் கட்டணம் கழிய வேண்டும். சொல்லாமல் விட்டால் முழு 10 நாளையும் கொடுப்பீர்கள்.

---

மறுபக்கம்:

மழலைவாசல் சொன்னதில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை.

விகிதம் சேரும்போது மட்டுமல்ல, விலகும்போதும் வரும். ஜனவரியில் 10 நாளும் எடுத்துவிட்டார், மார்ச் கடைசியில் உறவு முடிகிறது. மூன்று மாதத்துக்கு 2.5 நாள்தான் உரியது, 7.5 நாள் கூடுதலாகப் போயிருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டுமா? மேலே உள்ள வாசகத்தை அப்படியே எடுத்தால் "ஆம்". ஆனால் குடும்பம் தானாக விலகும்போதெல்லாம் பராமரிப்பாளர் காசைத் திருப்புவது அவருக்குச் சரியான அடி. எந்தக் குடும்பம் எப்போது போகும் என்று தெரியாமல் அவர் விடுப்பே எடுக்க முடியாது. யார் முறித்தார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள்: குடும்பம் விலகினால் எடுத்த விடுப்புக்குப் பணத்தைத் திருப்ப வேண்டாம், பராமரிப்பாளர் நிறுத்தினால் கூடுதல் நாட்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். இதில் இன்னொரு ஓட்டையும் அடைபடும். இரண்டு வாரக் கட்டண விடுப்பு முடிந்து வந்த கையோடு "இந்த மாதத்தோடு மூடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. விடுப்பு முடிந்து 4 வாரத்துக்குள் அவராக நிறுத்தினால் அந்த விடுப்புக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி. நோட்டீஸ் காலத்துக்குள் (விலகுவதாகச் சொன்ன நாளிலிருந்து உண்மையில் விலகும் நாள் வரை) விடுப்பு நாட்களைத் திணிக்கக் கூடாது என்று இன்னொரு வரி, இது இரு பக்கத்துக்கும்.

நோய் விடுப்பைப் பற்றிச் சொன்ன காரணம் சரி. ஆனால் 5 நாள் "யாருடைய" நோய்க்கு? வீட்டு டேகேர் நடத்துபவருக்கே சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் காய்ச்சலுக்கும் மூட வேண்டியிருக்கும், மூடவும் வேண்டும். அது இந்த ஐந்தில் சேருமா? பல் மருத்துவரிடம் போவது நோயா, சொந்த விடுப்பா? முன்பே நேரம் குறித்த மருத்துவர் சந்திப்பெல்லாம் சொந்த விடுப்புக் கணக்கில், காலையில் எழுந்து முடியாமல் போவது மட்டும் நோய்க் கணக்கில் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

தண்ணீர் வரவில்லை, மின்சாரம் இல்லை, சுகாதாரத் துறை மூடச் சொன்னது மாதிரியானவை இந்த மூன்றிலும் அடங்காது. தனி வரி வேண்டும்: முதல் 3 நாள் முழுக் கட்டணம், 4 முதல் 10 நாள் வரை பாதி, அதற்கு மேல் இல்லை, 10 நாளைத் தாண்டினால் நோட்டீஸ் இல்லாமலே விலகலாம். எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், படிக்கட்டாக இருப்பதுதான் முக்கியம். பிரசவம், அறுவை சிகிச்சை மாதிரி நீண்ட இடைவெளிக்கு முழுக் கட்டணம் கேட்பது நியாயமில்லை. இடத்தைப் பிடித்து வைக்க ஒரு சிறு பங்கு கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

பதிலாள் வைத்தால்? அவர் இல்லாத நாளில் வேறொருவர் பார்த்துக்கொண்டால் அது மூடிய நாள் ஆகாது, விடுப்பில் கழியாது. ஆனால் அந்த ஆளைப் பெற்றோர் முன்பே பார்த்திருக்க வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும், டேகேரின் காப்பீடு அவருக்கும் பொருந்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் "அனுப்ப மாட்டேன், கட்டணமும் தர மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை வையுங்கள்.

---

நீலக்குடை:

ஐந்து நாள் அனுப்புபவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் வாரத்தில் சில நாள் மட்டும் அனுப்புபவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்க. பொது விடுமுறைகளும் நீட்டித்த வார இறுதிகளும் திங்களிலும் வெள்ளியிலும்தான் குவியும். மூடிய 24 நாளில் திங்கள், புதன், வெள்ளியில் 18, செவ்வாய் வியாழனில் 6 என்று விழுந்தால், மூன்று நாள் குழந்தை 156 நாளுக்குப் பணம் கொடுத்து 138 நாள் வருகிறது (நாளுக்கு 113). இரண்டு நாள் குழந்தை 104-க்குக் கொடுத்து 98 வருகிறது (106). விகிதப்படி முன்னதற்கு 14.4 நாளும் பின்னதற்கு 9.6 நாளும்தான் விழ வேண்டும். காசைக் கழிப்பதை விட, கூடுதலாகப் போன நாட்களை இடம் காலியாக உள்ள வேறு நாளில் ஈடுகட்டுவது எளிது. 60 நாளுக்குள் என்று கெடு வையுங்கள், சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் கேட்டால் இடம் இருக்காது.

---

சட்டைப்பை:

எல்லோரும் ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அவர் சொந்தத் தொழில் செய்பவரா, உங்கள் ஊழியரா?

தன் வீட்டில், பல குடும்பங்களின் குழந்தைகளை, தன் நேரம் தன் விதி என்று பார்த்துக்கொள்பவர் பெரும்பாலான நாடுகளில் சொந்தத் தொழில் செய்பவர். அவருக்குக் கட்டண விடுப்பு என்பது சட்டம் தருவதல்ல, ஒப்பந்தம் தருவது. மேலே பேசியதெல்லாம் அதற்குப் பொருந்தும். உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் சொல்லும் நேரத்தில் பார்த்துக்கொள்பவர் என்றால் கதை வேறு. அவர் பெரும்பாலும் ஊழியர், விடுப்பு அவருடைய உரிமை. அதைப் பேரம் பேசிக் குறைக்க முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132-ஆம் உடன்படிக்கை (1970) ஓராண்டு வேலைக்குக் குறைந்தது மூன்று வேலை வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்கிறது. பொது விடுமுறைகளை அந்த மூன்று வாரத்தில் சேர்த்து எண்ணக் கூடாது. "விடுப்பு வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்று அந்தக் குறைந்தபட்ச விடுப்பை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கை (2011) ஆண்டு விடுப்பில் மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான நடத்தையைக் கேட்கிறது. இவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் இவை கட்டுப்படுத்தும், ஆனால் எது குறைந்தபட்சம் என்று பார்க்க நல்ல அளவுகோல்.

வீடு யாருடையது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பிரான்ஸில் தன் சொந்த வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரும் சட்டப்படி பெற்றோரின் ஊழியர்தான், ஒவ்வொரு குடும்பமும் அவருக்கு முதலாளி. அங்கே ஆண்டுச் சம்பளத்தை 12 மாதத்துக்குப் பரப்பிக் கொடுப்பதுதான் முறை; ஆண்டு முழுவதற்கும் என்ற ஒப்பந்தத்தில் அது கணக்குப்பிள்ளை சொன்ன அதே 52 பெருக்கல், 12 வகுத்தல்.

கடைசியாக: அரசு உதவித்தொகை வாங்குபவர்கள், அது மூடிய நாட்களுக்கும் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வராது என்றால் அந்த நாளின் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

---

புதுத்தொட்டில்:

மிக்க நன்றி. அ-வின் ஒப்பந்தத்தை மறுபடி பார்த்தேன். மாதக் கட்டணம் சரியாக வாரக் கட்டணத்தின் நான்கு மடங்கு! அப்படியானால் 101.69 எதிர் 108. ஆ-வை விட அ மலிவு என்று எடுத்துக்கொள்ளலாமா? விகிதம், யார் முறித்தார்கள் என்ற வரி, 4 வார வரி மூன்றையும் சேர்க்கக் கேட்கப் போகிறேன்.

---

கணக்குப்பிள்ளை:

ஆண்டுக்கு 24,000 எதிர் 25,488. கிட்டத்தட்ட 15 நாள் கட்டணம் மிச்சம். ஆனால் ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: ஐந்து வாரம் வரும் மாதத்துக்குக் கூடுதல் கேட்பாரா? பணம் திங்கட்கிழமைக் கணக்கில் வாங்குபவர் என்றால், ஆண்டில் நான்கு மாதங்களில், சில ஆண்டுகளில் ஐந்து மாதங்களில், ஐந்து திங்கள் வரும். அந்த மாதங்களுக்கு ஐந்தாவது வாரத்தைத் தனியாக வாங்கினால் மொத்தம் மறுபடி 26,000-க்குப் போய்விடும், 110.17-தான் உங்கள் விலை. "மாதக் கட்டணம் 12 மாதமும் ஒரே தொகை" என்று அவர் வாயால் சொன்னாலும் போதாது, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

---

மழலைவாசல்:

கூடவே, கட்டணம் விடுப்புக்கு முந்தைய வேலைநாளுக்குள் வர வேண்டுமா, வழக்கமான தேதியிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். மாதத்தின் முதல் வாரமே மூடியிருந்தால் இரு பக்கமும் மறந்துபோவது அந்தப் பணத்தைத்தான், பிறகு தாமதக் கட்டணம் போட்டாரென்று கோபம் வரும்.

---

புதுத்தொட்டில்:

கேட்டேன். 12 மாதமும் ஒரே தொகை, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, மூடியிருந்தாலும் அதே தேதி. எழுதித் தர ஒத்துக்கொண்டார். பத்து நாள் விடுப்பில் ஒரு வாரம் எந்த மாதம் என்பதை இப்போதே சொல்லிவிட்டார், எங்கள் அலுவலக லீவையும் அந்த வாரத்துக்கே மாற்றிப் போடப் போகிறோம்.